பெருவிரல் பதிந்தால் போதுமா?

"சாகேப் சைட்டுக்குப் போயிருக்கிறார். நாளைக்கு வாருங்கள்."

மும்பையில் வாழும் தமிழர்களில் இந்தப் பதிலைக் கேட்காதவர் அரிது. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்காகப் போனாலும் சரி, சால் வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டு மனுக் கொடுக்கப் போனாலும் சரி, பதில் ஒன்றுதான். நாற்காலி இருக்கும். அதன் முதுகில் கோட்டு தொங்கும். மேஜை மீது மூக்குக் கண்ணாடிகூட மடித்து வைக்கப்பட்டிருக்கும். ஆள் மட்டும் இருக்க மாட்டார். மாட்டுங்கா கிழக்கில் பாவு தாஜி சாலையில் இருக்கும் எஃப் வடக்கு வார்டு அலுவலகமாகட்டும், செம்பூரிலோ தாதரிலோ உள்ள வேறு அலுவலகமாகட்டும், ரேஷன் அலுவலகமாகட்டும், தாசில்தார் கச்சேரியாகட்டும், இந்த அனுபவத்துக்கு இட வேறுபாடு கிடையாது. அரை நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நின்றவர் அதே பதிலை இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கேட்டுக்கொண்டு வீடு திரும்புகிறார்.

இந்த நிலையில், "இனிமேல் யாரும் ஏமாற்ற முடியாது, கருவி வந்துவிட்டது" என்று அதிகாரிகள் அறிவித்தபோது பொதுமக்கள் மகிழ்ந்ததில் வியப்பில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுக் காணாமற் போகிறவரை, வராமலே வந்ததாக எழுதிக் கொள்பவரை, மாலையில் வந்து காலை நேரத்தைப் பதிகிறவரைக் கைரேகைக் கருவி காட்டிக் கொடுத்துவிடும் என்பதுதான் நம்பிக்கை. அந்த நம்பிக்கை முற்றிலும் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் கருவி வந்து பல ஆண்டுகள் கழிந்த பிறகும், மாட்டுங்காவிலும் தாராவியிலும் இரண்டு வேறு மனிதர்கள் இரண்டு வேறு மனக்குறைகளைச் சொல்கிறார்கள். கவுண்டருக்கு வெளியே நிற்பவர் "இன்னும் ஆள் இல்லை" என்கிறார். தெருவைப் பெருக்குகிறவர் "ஆள் இருந்தும் சம்பளம் இல்லை" என்கிறார். இரண்டும் ஒரே கருவியின் கதை என்பதுதான் விசித்திரம்.

மஸ்டரின் ராஜ்யம்

வருகைப் பதிவு என்பது இந்த நகரத்துக்குப் புதிதல்ல. கிரன்காவ் ஆலைகளின் வாசலில் ஒரு காலத்தில் விடியற்காலையிலேயே பத்லி ஆட்கள் கூடி நிற்பார்கள். நிரந்தரத் தொழிலாளி எவராவது வராவிட்டால் அந்த இடம் ஒரு நாளைக்கு இவருக்குக் கிடைக்கும். ஒருவர் வராமை இன்னொருவருக்குச் சோறு. யாரை உள்ளே விடுவது என்பதை நிர்ணயித்தவர் ஜாபர். அந்த ஜாபரின் தயவுக்காகக் கொடுக்கப்பட்ட காணிக்கைகளைப் பற்றி மும்பையின் தொழிலாளர் வரலாற்றில் பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. 1935-ல் பத்லி ஆட்களுக்குச் சீட்டு வழங்கி, சீட்டு வைத்திருப்பவரையே வேலைக்கு எடுக்க வேண்டும் என்று ஆலை முதலாளிகள் சங்கம் ஏற்பாடு செய்ததுகூட ஜாபரின் கையைக் கட்டுவதற்காகத்தான்.

மாநகராட்சியின் துப்புரவு இலாகாவில் ஜாபரின் இடத்தில் முக்காதம் இருந்தார், இன்றும் இருக்கிறார். பகுதிக்கொரு சௌக்கி. விடியற்காலையில் அங்கே வந்து ஹாஜரி கொடுக்க வேண்டும். மஸ்டர் முக்காதத்தின் கையில். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியிலும் மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலும் குடியேறிய எத்தனையோ குடும்பங்களுக்குத் தலைமுறை தலைமுறையாக இந்த மஸ்டர்தான் படியளந்தது. லாட்-பாகே குழுவின் பரிந்துரைப்படி துப்புரவுத் தொழிலாளியின் வேலை அவருடைய வாரிசுக்குப் போகும் என்பதால், தகப்பன் பெயர் இருந்த மஸ்டரில் பிறகு மகன் பெயரும், அவனுக்குப் பிறகு அவன் மனைவி பெயரும் ஏறிய வீடுகள் உண்டு.

மஸ்டர் மனிதர் கையில் இருந்தவரை அதில் மனிதத் தன்மையும் இருந்தது, மனிதச் சிறுமையும் இருந்தது. பிரசவ வேதனையில் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அரை மணி தாமதமாக ஓடி வந்தவனுக்கு "சரி, போ" என்று ஹாஜரி போட்ட முக்காதமும் உண்டு. வேலைக்கே வராதவனுக்கு ஹாஜரி போட்டுச் சம்பளத்தில் பங்கு வாங்கிய முக்காதமும் உண்டு. வேலைக்கு வந்தவனுக்கு, முறைத்துப் பார்த்தான் என்பதற்காக ஆப்சென்ட் போட்டவரும் உண்டு. தன் வேலையைக் குறைந்த கூலிக்கு இன்னொருவனிடம் ஒப்படைத்துவிட்டு வேறு தொழில் பார்த்த நிரந்தர ஊழியர்களைப் பற்றியும் பல நகரங்களில் பேச்சு உண்டு. இவற்றையெல்லாம் ஒழிக்க வந்ததுதான் கருவி. முக்காதத்துக்குக் காணிக்கை கொடுத்துச் சலித்தவர்கள் அதை வரவேற்றதில் நியாயம் இருந்தது.

டில்லியிலிருந்து மும்பைக்கு

அரசு அலுவலகங்களில் ஆதாருடன் இணைந்த கைரேகை வருகைப் பதிவை முதலில் ஜார்க்கண்ட் மாநிலம் சோதித்துப் பார்த்தது. 2014-ல் மத்திய அரசு அதை டில்லி அலுவலகங்களுக்குக் கொண்டு வந்தது. அப்போது செய்யப்பட்ட ஒரு காரியம் பாராட்டத்தக்கது. எந்தத் துறையில் எத்தனை பேர் அன்றைக்கு வந்திருக்கிறார்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள் என்பதை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம் என்று திறந்து வைத்தார்கள். கோல்ப் மைதானத்துக்குப் போய்விட்டுப் பதினொரு மணிக்கு வந்த பெரிய அதிகாரிகளுக்கெல்லாம் அது கசப்பு மருந்தாக இருந்ததாக அந்நாளையப் பத்திரிகைகள் எழுதின.

கசப்பு நெடுநாள் நீடிக்கவில்லை போலும். பத்து ஆண்டுகள் கழித்து, 2024 ஜூனில், மத்திய பணியாளர் துறை மீண்டும் ஒரு சுற்றறிக்கை விட வேண்டியதாயிற்று. பலர் விரலே வைப்பதில்லை, சிலர் நாள்தோறும் தாமதமாக வருகிறார்கள் என்று அதிலேயே ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது. தாமதமாக வரும் ஒவ்வொரு நாளுக்கும் அரை நாள் தற்செயல் விடுப்பைக் கழிக்க வேண்டும், மாதத்தில் இரண்டு முறை மட்டும் தக்க காரணம் இருந்தால் ஒரு மணி நேரம் வரை மன்னிக்கலாம் என்ற விதி மறுபடி நினைவூட்டப்பட்டது.

மும்பை மாநகராட்சி 2017-ல் இந்த முறையைக் கைக்கொண்டது. ஒரு லட்சத்தை ஒட்டிய ஊழியர்களைக் கொண்ட நிர்வாகம் அது. சில சிறிய மாநில அரசுகளிடம்கூட இத்தனை பேர் இல்லை. விரல் பதிவைச் சம்பளப் பட்டியலோடு பின்னிவிட்டார்கள். பதிவு இல்லையென்றால் அந்த நாள் சம்பளம் தானாகவே குறையும். மனிதர் தலையிட வேண்டியதில்லை என்பது இதன் பெருமையாகச் சொல்லப்பட்டது. தொழிற்சங்கங்கள் முதலில் கேட்டதும் இதைத்தான்: மனிதர் தலையிடாவிட்டால் தவறு நேரும்போது யாரிடம் போய் முறையிடுவது?

தவறு நேரத்தான் செய்தது. பலருடைய சம்பளம் குறைந்து வந்தது. கிளர்ச்சி நடந்தது. 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் எல்லோரும் ஒரே கண்ணாடியில் விரல் வைப்பது ஆபத்து என்று கருவிகள் நாடெங்கும் நிறுத்தி வைக்கப்பட்டன. அந்த ஆண்டு ஜூலையில், தொற்று தணியுமுன்னரே மும்பையில் மறுபடியும் விரல் வைக்கச் சொன்னபோது சங்கங்கள் எதிர்த்தன. ஊரே கதவடைத்துக் கிடந்த அந்த மாதங்களில் குப்பை அள்ளியவர்களும் சயான் ஆஸ்பத்திரியில் வார்டு கூட்டியவர்களும் வேலைக்கு வந்தார்களா இல்லையா என்பதற்குத் தெருவும் ஆஸ்பத்திரியும் சாட்சியாக இருந்தன. கருவி தேவைப்படவில்லை.

தேய்ந்த ரேகை

தாராவியில் குடியிருந்து வடாலாப் பக்கம் வேலை பார்க்கும் துப்புரவுத் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். இருபத்தைந்து வருடம் துடைப்பக் கட்டையும் கூடையும் பிடித்த கை. ஈரக் குப்பையும் சுண்ணாம்பும் பினாயிலும் பட்டுப் பட்டு விரல் நுனி வழவழத்துப் போயிருக்கிறது. கைரேகை என்பது கடைசிவரை மாறாதது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். குமாஸ்தாவின் விரலுக்கு அது பொருந்தலாம். கொத்தனார், சலவைத் தொழிலாளி, துப்புரவுத் தொழிலாளி, வயதானவர் ஆகியோரின் ரேகை தேய்ந்துவிடும் என்பதும், கருவி அவர்களை அடிக்கடி நிராகரிக்கிறது என்பதும் ரேஷன் கடை வரிசையில் நின்ற எவருக்கும் தெரிந்த செய்தி.

அவர் சௌக்கிக்கு வருகிறார். விரலை வைக்கிறார். சிவப்பு விளக்கு. விரலைச் சட்டையில் துடைத்து மறுபடி வைக்கிறார். மறுபடியும் சிவப்பு. பின்னால் பதினைந்து பேர். "சல், சல், புடே!" என்று முக்காதம் அதட்டுகிறார். சரி, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இவர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். நாள் முழுக்க வேலை செய்கிறார். அவர் பெருக்கிய தெருவில் ஜனங்கள் நடக்கிறார்கள். கணக்கிலோ அவர் வரவில்லை. மாதக் கடைசியில் சம்பளத்தில் மூன்று நாள் இல்லை. அதைத் திருத்த வேண்டுமானால் மேற்பார்வையாளரின் சான்று வேண்டும், வார்டு அலுவலகத்துக்கு மனுப் போக வேண்டும். அந்த மனுவை வாங்க வேண்டிய குமாஸ்தா எங்கே என்று கேட்டால், கதை தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும்: சாகேப் சைட்டுக்குப் போயிருக்கிறார்.

மழைக்காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிங்ஸ் சர்க்கிளும் காந்தி மார்க்கெட்டும் ஆண்டுதோறும் முழங்காலளவு தண்ணீரில் நிற்பவை. சயானுக்கும் மாட்டுங்காவுக்கும் இடையே தண்டவாளம் மூழ்கினால் கல்யாணிலிருந்தும் டோம்பிவிலியிலிருந்தும் வருகிற குமாஸ்தா ரயிலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். 2005 ஜூலை 26-ந் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது இந்த நகரத்தில் யார் எந்த நேரத்துக்கு எங்கே இருந்தார்கள் என்று எந்தக் கருவியாலும் சொல்லியிருக்க முடியாது. பத்தேகால் மணிக்கு வந்தவர் சோம்பேறியா, குர்லாவிலிருந்து தண்டவாளத்தின் வழியே நடந்து வந்தவரா என்ற வித்தியாசம் கருவிக்குத் தெரியாது. உத்தரப் பிரதேசத்தில் 2024 ஜூலை 8-ந் தேதி அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு டிஜிட்டல் வருகைப் பதிவு கட்டாயமாக்கப்பட்டபோது ஆசிரியர்கள் சொன்ன முதல் காரணமும் மழையும் மூழ்கிய பாதையும்தான். எட்டே நாளில் அரசு பின்வாங்கி, இரண்டு மாதத்துக்கு உத்தரவை நிறுத்தி வைத்தது. மும்பையின் துப்புரவுத் தொழிலாளிக்கு அப்படிப் பின்வாங்க வைக்கும் பலம் இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

உதயப்பூரில் நடந்த இரண்டு சோதனைகள்

கருவி பலன் தருமா தராதா என்பதை ஊகத்துக்கு விட வேண்டியதில்லை. நம் நாட்டிலேயே முறையாகச் சோதித்திருக்கிறார்கள். ராஜஸ்தானில் உதயப்பூர் மாவட்டத்தில் சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனம் நடத்திய ஓராசிரியர் பள்ளிகளில் 2003-ல் ஆசிரியர் கையில் ஒரு காமிராவைக் கொடுத்தார்கள். காலையில் ஒரு படம், மாலையில் ஒரு படம், பிள்ளைகளோடு சேர்த்து எடுக்க வேண்டும். தேதியும் நேரமும் படத்திலேயே பதியும், மாற்ற முடியாது. எத்தனை நாள் படம் இருக்கிறதோ அதற்கேற்ற சம்பளம். 42 விழுக்காடாக இருந்த ஆசிரியர் வராமை 21 விழுக்காடாகக் குறைந்தது. எஸ்தர் டுப்ளோவும் அவருடன் ஆராய்ந்தவர்களும் எழுதிய இந்த முடிவு உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது.

அதே உதயப்பூர், அதே சேவா மந்திர், 2006-ம் ஆண்டு. இந்தத் தடவை அரசு துணைச் சுகாதார நிலையங்களின் நர்சுகள். நேரம் அச்சிடும் கருவியைக் கொடுத்தார்கள். வராத நாளுக்குச் சம்பளம் பிடிப்பதாக மாவட்ட சுகாதார நிர்வாகம் ஒப்புக்கொண்டது. முதல் ஆறு மாதம் வருகை ஏறக்குறைய இரட்டிப்பாயிற்று. பிறகு சரிந்தது. ஒன்றரை வருடத்துக்குள் கருவி வைத்த நிலையத்துக்கும் வைக்காத நிலையத்துக்கும் வித்தியாசமே இல்லாமற் போய்விட்டது. ஏன்? கருவிகள் சில உடைந்தன, சில உடைக்கப்பட்டன. அதைவிட முக்கியம், மேலதிகாரிகள் நர்சுகளுக்கு "விலக்கு நாள்" வழங்கத் தொடங்கினார்கள். கூட்டம், முகாம், வேறு வேலை என்று எழுதி வராத நாளை வந்த நாளாக்கும் பேனா அவர்கள் கையிலேயே இருந்தது. கருவி நேர்மையாகப் பதிந்தது. பேனா அதைத் திருத்திவிட்டது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு சங்கடமான உண்மை தெரிகிறது. முதல் சோதனையில் அகப்பட்டவர்கள் சங்கமோ நிரந்தரமோ இல்லாத கிராமத்து ஆசிரியர்கள். அவர்களுடைய கணக்கைத் திருத்த மேலே ஆள் இல்லை. இரண்டாவதில் இருந்தவர்கள் அரசு ஊழியர்கள், அவர்களுக்கு ஆள் இருந்தார்கள்.

கர்நாடகத்தில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அங்கே 322 ஆரம்ப சுகாதார நிலையங்களில் 140-ஐத் தேர்ந்தெடுத்துக் கைரேகைக் கருவி வைத்தார்கள். இக்பால் தாலிவாலும் ரேமா ஹன்னாவும் ஆராய்ந்து எழுதிய முடிவின்படி, நர்சுகள், மருந்தாளர்கள், பரிசோதனைக்கூட ஊழியர்கள் ஆகியோரின் வருகை சுமார் 15 விழுக்காடு உயர்ந்தது. எடை குறைந்து பிறக்கும் குழந்தைகள் கால் பங்குக்கு மேல் குறைந்தார்கள். இது சிறிய பலன் அல்ல. ஒரு நர்ஸ் வேலை நேரத்தில் வேலையிடத்தில் இருப்பதால் ஒரு குழந்தை ஆரோக்கியமாகப் பிறக்கிறது என்றால், "கருவியே வேண்டாம்" என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் அதே ஆராய்ச்சியில் டாக்டர்களின் வருகை உயரவில்லை! விரல் வைக்காத டாக்டர் மீது நடவடிக்கை எடுக்க அரசு தயங்கியது. கண்டித்தால் வேலையை விட்டுப் போய்விடுவாரே, கிராமத்துக்கு வேறு டாக்டர் கிடைப்பாரா என்ற பயம். நர்சுக்கு ஒரு நியாயம், டாக்டருக்கு ஒரு நியாயம்.

மும்பையில் மட்டும் இது வேறு மாதிரி நடக்குமா? துப்புரவுத் தொழிலாளியின் மூன்று நாள் சம்பளம் தானாகக் கழிந்துவிடுகிறது. "சைட்டுக்குப் போயிருக்கும்" அதிகாரிக்கோ வெளி வேலை என்ற ஒற்றை வரி போதும், பதிவு சரியாகிவிடும். வெளி வேலை உண்மையிலேயே இருக்கிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை. இடிந்து விழும் கட்டடத்தைப் பார்க்கவும், அடைத்த சாக்கடையைப் பார்க்கவும் இன்ஜினீயர் போகத்தான் வேண்டும். எங்கே போனார், எப்போது திரும்புவார் என்று வாசலில் எழுதி வைப்பதில் என்ன கஷ்டம்?

பசையில் செய்த விரல்

வலையை நெய்தவனைவிட மீன் கெட்டிக்காரன். மாட்டுங்காவிலேயே உயர்கல்வி நிலையம் ஒன்றில் மாணவர்கள் பசையில் பெருவிரல் ரேகையைப் படியெடுத்து, வராத நண்பனுக்கும் சேர்த்து வருகை பதிந்த செய்தி சில ஆண்டுகளுக்கு முன் பத்திரிகைகளில் வந்தது. பிள்ளைகளின் குறும்பு என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஹைதராபாத் மாநகராட்சியில் நடந்ததற்குச் சிரிக்க முடியாது. அங்கே துப்புரவு மேற்பார்வையாளர்கள் சிலர் செயற்கை ரேகைகளைச் செய்து வைத்துக்கொண்டு, வேலைக்கே வராத பெயர்களுக்கு வருகை பதிந்து சம்பளம் எடுத்ததாகப் பிடிபட்டார்கள். மஸ்டரில் பொய்ப் பெயர் எழுதிய கை இப்போது பொய் விரல் செய்தது, அவ்வளவுதான்.

நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி முதல் எல்லா வேலைத்தலத்திலும் நாளைக்கு இரண்டு முறை செல்போனில் படமெடுத்து அனுப்ப வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். என்ன ஆயிற்று? 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தில் முறைகேடுகளை வரிசைப்படுத்தியது. வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்கள், படத்தையே படமெடுத்து அனுப்பியவை, ஒரே ஆட்கள் பல மஸ்டரில் நின்றவை, பட்டியலில் பெண் பெயரும் படத்தில் ஆணுமாக இருந்தவை. மேலே உட்கார்ந்து அந்தப் படங்களைப் பார்க்க ஆள் இல்லாதபோது ஆயிரம் படம் வந்தென்ன, லட்சம் படம் வந்தென்ன?

இப்போது விரலுக்குப் பதில் முகத்தைப் பார்க்கும் கருவிகள் வருகின்றன. ரேகை தேய்ந்தவர்களுக்கு அது நிம்மதிதான். ஆனால் சில நகரங்களில் துப்புரவுத் தொழிலாளிகளின் கையில் கடிகாரம் போன்ற ஒன்றைக் கட்டி, அவர்கள் எந்தத் தெருவில் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பதை அலுவலகத்திலிருந்தே பார்க்கிறார்கள். நாகபுரியிலும் சண்டீகரிலும் இது நடந்தது. கழிப்பிடத்துக்குப் போகக்கூட யோசிக்க வேண்டியிருக்கிறது என்று பெண் தொழிலாளர்கள் முறையிட்டார்கள். இந்தக் கடிகாரத்தைக் கமிஷனரின் கையிலும் கட்டுவார்களா என்று யாரோ கேட்டிருப்பார்கள். கட்டியதாகச் செய்தி இல்லை.

பதிவு யாருக்குச் சொந்தம்?

இவ்வளவையும் படித்துவிட்டுக் கருவியைத் தூக்கியெறிய வேண்டும் என்ற முடிவுக்கு எவரும் வந்தால் அதுவும் தவறாகும். அரசு அலுவலகத்தில் கைரேகை வருகைப் பதிவைக் கொண்டு வருமுன் ஊழியர்களைக் கலந்து ஆலோசிக்கவில்லை என்ற ஒரே காரணத்தால் அது சட்ட விரோதம் ஆகிவிடாது என்று 2025 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. ஒடிசாவில் ஒரு கணக்காயர் அலுவலக ஊழியர்கள் தொடுத்த வழக்கு அது. ஆகவே கருவி போகப் போவதில்லை. தொழிலாளியின் பக்கம் நின்று பார்த்தால், போக வேண்டும் என்று ஆசைப்படவும் கூடாது. காரணம் மும்பையிலேயே இருக்கிறது.

மாநகராட்சிக்காகக் குப்பை அள்ளிய 2,700 ஒப்பந்தத் தொழிலாளர்களின் வழக்கை இங்கே பலர் அறிவார்கள். அவர்கள் ஊழியர்களே அல்லர், தொண்டர்கள். வாங்குவது சம்பளம் அல்ல, வெகுமானம் என்று நிர்வாகம் வாதாடியது. கச்ரா வாகதூக் சிரமிக் சங்கம் ஆண்டுக் கணக்கில் வழக்காடி, 2017 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டில் அவர்களை நிரந்தரமாக்கும் தீர்ப்பைப் பெற்றது. அவ்வளவு காலம் இழுத்ததற்கு அடிப்படை என்ன? இவர்கள் வேலைக்கு வந்தார்கள் என்று சொல்லும் ஏடு இவர்கள் கையில் இல்லை. ஒப்பந்தக்காரர் ஒரு நோட்டில் எழுதினார், அந்த நோட்டு அவர் வீட்டில் இருந்தது. 1947-ம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் ஒரு வருடத்தில் 240 நாள் வேலை செய்தவருக்குத் தொடர்ச்சியான சேவை உண்டு என்று எழுதப்பட்டிருந்தது. 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்குத் தொழில் உறவுத் தொகுப்பு வந்துவிட்டது. சட்டம் எதுவானாலும், நாளை எண்ணிக் காட்ட வேண்டிய பாரம் ஏழையின் தலையில்தான் விழுகிறது.

அப்படிப்பட்டவருக்குக் கருவியின் பதிவு விரோதியல்ல, சாட்சி. ஆனால் ஒரு நிபந்தனை: அந்தப் பதிவு அவருக்கும் கிடைக்க வேண்டும். இன்றைக்கு விரல் பதிந்ததா இல்லையா என்று அன்றைக்கே அவருடைய செல்போனுக்கு ஒரு வரிச் செய்தி வரட்டும். மாதக் கடைசியில் அவர் பெயரில் எத்தனை நாள் என்று அச்சிட்ட ஒரு தாள் சௌக்கியில் கையில் தரப்படட்டும். கருவி மூன்று முறை மறுத்தால் அந்த இடத்திலேயே பழைய மஸ்டரில் கையெழுத்து வாங்கி, இருவர் சாட்சியோடு ஏற்றுக்கொள்ளட்டும். விளக்கம் கேட்காமல் ஒரு நாள் சம்பளத்தையும் பிடிக்கக் கூடாது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு முதலில், நிரந்தர ஊழியருக்குப் பிறகு என்று கருவி போய்ச் சேரட்டும். இப்போது நடப்பது இதற்கு நேர் எதிர். நிரந்தரத் தொழிலாளியைக் கருவி நிமிஷம் தவறாமல் கண்காணிக்கிறது. ஒப்பந்தக்காரரின் ஆட்கள் இன்னமும் அவர் நோட்டில்தான் வாழ்கிறார்கள்.

இருப்பதும் செய்வதும்

ஆசிரியர் வராமையைப் பற்றி 2006-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அரசு ஆரம்பப் பள்ளிகளில் முன்னறிவிப்பில்லாமல் போய்ப் பார்த்தபோது நாலில் ஓர் ஆசிரியர் இல்லை என்று சொல்லிப் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. 2017-ல் அஸீம் பிரேம்ஜி அறக்கட்டளை மறுபடி ஆராய்ந்தது. பள்ளியில் இல்லாதவர்களில் பெரும்பாலோர் விடுப்பிலோ, பயிற்சியிலோ, அரசு அனுப்பிய வேறு வேலையிலோ இருந்தார்கள். காரணமின்றி வராதவர்கள் சுமார் இரண்டரை விழுக்காடுதான் என்று அது கூறியது. தேர்தல் வேலைக்கும் கணக்கெடுப்புக்கும் ஆசிரியரை அனுப்பிவிட்டு, வகுப்பில் ஆளில்லை என்று குற்றம் சாட்டுவதில் அர்த்தமில்லை. மும்பை வார்டு அலுவலகங்களிலும் தேர்தல் வந்தால் பாதி நாற்காலி காலியாவதை ஜனங்கள் பார்த்திருக்கிறார்கள். ஓய்வு பெற்றவர் இடத்தில் ஆள் போடாமலே வருடக் கணக்கில் விட்டிருக்கும் நாற்காலிகளும் உண்டு. அந்த நாற்காலிக்கு எந்த விரலைப் பதிவது?

வந்தவர்தான் என்ன செய்கிறார்? பத்து மணிக்கு விரல் வைத்துவிட்டுக் காண்டீனில் கட்டிங் சாய் குடித்துக்கொண்டிருப்பவரும் கருவியின் கணக்கில் உத்தமர். இதற்கு மருந்து வருகைப் பதிவில் இல்லை. மகாராஷ்டிரத்தில் 2015 முதல் பொதுச் சேவை உரிமைச் சட்டம் இருக்கிறது. குறிப்பிட்ட சான்றிதழைக் குறிப்பிட்ட நாளுக்குள் தர வேண்டும், தராத அதிகாரிக்கு 500 ரூபாய் முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் என்று அதில் எழுதியிருக்கிறது. பிறப்புச் சான்றிதழுக்காக நாலு முறை நடந்த தாராவிக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கேள்விப்பட்டதே இல்லை என்பார். தமிழ்ச் சங்கங்களும் மன்றங்களும் மாட்டுங்காவில் குறைவில்லை. விழா மேடைகளில் பொன்னாடை போர்த்தி முடித்த பிறகு பத்து நிமிஷம் இந்தச் சட்டத்தை எடுத்துச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

வார்டு அலுவலகத்துக்கு ஒரு வேண்டுகோள். விரல் வைத்த கணக்கு உள்ளே யாரோ ஒருவரின் திரையில் இருக்கிறது. அதை வாசலுக்குக் கொண்டு வர வேண்டும். இன்றைக்கு எந்தப் பிரிவில் எத்தனை பேர் இருக்க வேண்டும், எத்தனை பேர் இருக்கிறார்கள், சைட்டுக்குப் போனவர் எங்கே போயிருக்கிறார், எத்தனை மணிக்குத் திரும்புவார், அவர் இல்லாதபோது மனுவை யாரிடம் கொடுக்கலாம் என்று மராத்தியில் ஒரு பலகை. டில்லியில் 2014-ல் உலகத்துக்கே திறந்து காட்டியதைப் பாவு தாஜி சாலையில் வரிசையில் நிற்கும் இருபது பேருக்குக் காட்டுவதில் ரகசியம் எதுவும் கெட்டுவிடாது. பலகையின் முதல் வரியில் உதவிக் கமிஷனரின் பெயர் இருக்கட்டும்.